பூண்டிக் கோபுரம் பார்த்த கண்ணுக்கு

திருக்காட்டுப்பள்ளிக்காரர்களுக்கு மாதா கோயில் என்றாலே பூண்டிதான். உயர்ந்த கோபுரங்கள், தேர், கொடியேற்றம். அதே கண்ணோடு தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி நிற்கும் சுவார்ட்ஸ் கோயிலைப் பார்த்த ஒரு தம்பி, "என்னங்க, பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. டீயை ஆற்றிக் குடியுங்கள், சொல்கிறேன்.

சுவார்ட்ஸ் கோயில் 1779இல் கட்டியது. பூண்டி கத்தோலிக்கக் கோயில். அங்கே பூசைதான் மையம், பீடத்தை நோக்கியே எல்லாம் அமையும். சுவார்ட்ஸ் கோயிலோ சீர்திருத்த சபையாரின் கோயில். வேதத்தைத் தமிழில் வாசித்து, பிரசங்கம் கேட்டு, பாடிவிட்டுப் போவதுதான் அவர்கள் ஆராதனை. அதனால் ஒரு மனிதர் குரல் கடைசி வரிசை வரை எட்ட வேண்டும், புத்தகம் வாசிக்க வெளிச்சம் வேண்டும். 18ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக் கோயில்கள் பலவும் இப்படிக் கேட்பதற்கென்றே கட்டிய கூடங்கள். ஊசிக் கோபுர மோகம் பின்னால் விக்டோரியா ராணி காலத்தில் வந்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் திருநெல்வேலிப் பக்கம் மெஞ்ஞானபுரம் போக வேண்டும். அங்கே கோபுரம் 192 அடி.

கட்டியவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ். ஜெர்மானியர், லூத்தரன் சபைக்காரர். 1750இல் தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனுக்கு வந்து இறங்கினார். பிறகு திருச்சியிலும் தஞ்சையிலும் ஊழியம் செய்தபோது ஆதரித்தது லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கன் சங்கம். லூத்தரன் போதகர், ஆங்கிலிக்கன் பணம், மராட்டிய ராஜாவின் கோட்டை. இந்த மிஷன் பிறகு எஸ்.பி.ஜி. என்ற இன்னோர் ஆங்கிலிக்கன் சங்கத்தின் கைக்குப் போய், 1947 செப்டம்பர் 27இல் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தது. இதை வெள்ளைக்காரன் கோயில் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது எனக்குச் சம்மதமில்லை.

காரணம் நம் வயல்களிலேயே இருக்கிறது. 1780களில் ஹைதர் அலியின் படையெடுப்பும் அதன் பின் வரிக்கொடுமையும் சேர்ந்து குடியானவர்களை ஊரைவிட்டே ஓட்டின. திரும்பி வாருங்கள் என்று தஞ்சை ராஜா சொல்லியும் யாரும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஜூனில் தொடங்க வேண்டிய சாகுபடியைச் செப்டம்பரில் தொடங்கியும் வேலையை முடித்தார்கள். தண்ணீர் வந்தும் நடவுக்கு ஆளில்லாமல் கிடக்கிற வயல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்; அந்த வாக்கின் பெறுமானம் அதை வைத்துத்தான் புரியும்.

கோயிலுக்குள்ளே போனால் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. அதற்காகவே போகலாம். தஞ்சை ராஜா துளஜா, தான் தத்தெடுத்த பிள்ளை சரபோஜியைச் சுவார்ட்ஸின் பொறுப்பில் விட்டிருந்தார். 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தார். சில மாதங்களில் சரபோஜி அரியணை ஏறினார். கடைசி வரை இந்துவாகவே இருந்த அந்த ராஜா, தன் குருவுக்காக லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் இதைச் செய்வித்தார். மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ். தலைமாட்டில் சக மிஷனரி கெரிக்கே போதகர். பள்ளிப் பிள்ளைகள் மூவர். தலைப்பாகையோடு ராஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனியாரும் சென்னைக் கோட்டையின் மேரி கோயிலில் சுவார்ட்ஸுக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள். சென்னையில் இருப்பது ஓர் அரசாங்கம் காட்டிய நன்றி, இது ஒரு மாணவனின் துக்கம். எனக்கு இதுதான் பெரிது.

சுவார்ட்ஸை அடக்கம் செய்த இடம் இதுவல்ல. அது தஞ்சை மானம்புச்சாவடியில் இருக்கும் பேதுரு ஆலயம். கல்லறைக் கல்லில் ஆங்கிலத்தில் செய்யுள் பொறித்திருக்கிறது, எழுதியவர் சரபோஜியேதான். பஸ் ஏறினால் இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.