எந்த வோல்ட் நிஜம்?

ஒரே ப்ராசஸர், ஒரே நொடி. ஒரு மென்பொருள் 1.35 வோல்ட் என்கிறது, இன்னொன்று 1.28 என்கிறது. பயாஸில் நாம் வைத்ததோ 1.30. ஓவர்க்ளாக் செய்ய இறங்கும் பலரும் முதலில் குழம்பி நிற்கும் இடம் இது. மூன்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்துக் கணக்கு.

வி.ஐ.டி. என்று திரையில் வருவது அளவீடே அல்ல. ‘எனக்கு இவ்வளவு வேண்டும்’ என்று ப்ராசஸர் மதர்போர்டிடம் கேட்கிறது, அவ்வளவுதான். வோல்ட்டை நாமே கையால் நிர்ணயித்துவிட்டால், கேட்டதற்கும் கிடைப்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம்.

வீகோர்தான் அளந்து வருவது. பெரும்பாலான போர்டுகளில் இதை அளப்பது நுவோட்டான், ஐ.டி.இ. போன்ற நிறுவனங்களின் சூப்பர் ஐ.ஓ. சில்லு. ஃபேன் வேகத்தையும் வெப்பத்தையும் கவனித்துக்கொள்ளும் அதே மலிவு சில்லுதான். அது 8, சிலவற்றில் 16 மில்லிவோல்ட் படிகளில்தான் எண்ணைத் தரும். 5 மில்லிவோல்ட் குறைத்துவிட்டேன் என்று திரையைக் காட்டிப் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், அளவை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது. சாக்கெட்டுக்குப் பின்னால் எடுத்தால், அங்கிருந்து சிலிக்கான் வரையுள்ள ஊசிகளிலும் அடிப்பலகையிலும் ஏற்படும் இழப்பு கணக்கில் வராது. டிரான்ஸ்ஃபார்மர் அருகே அளந்துவிட்டு, தெருக்கோடி வீட்டிலும் அதே மின்னழுத்தம்தான் என்று சொல்வது போல. அந்த வழியின் மின்தடை அரை மில்லி ஓம் என்று வையுங்கள். முழுச் சுமையில் 150 ஆம்பியர் ஓடினால் 75 மில்லிவோல்ட் காணாமல் போகும். திரையில் 1.30, சிலிக்கானில் 1.225. கணினி சும்மா இருக்கும்போது மின்னோட்டம் குறைவு, அதனால் பிழையும் குறைவு. சுமை ஏற ஏறத்தான் எண் ஏமாற்றும்.

2018-இல் இன்டெல் இசட்390 போர்டுகள் வந்தபோது, ஆசுஸ் தன் மேக்சிமஸ் லெவன் வரிசையில் சிலிக்கானிலிருந்தே அளவை எடுத்தது. அந்த எண்ணை வேறொரு போர்டின் சாக்கெட் எண்ணோடு ஒப்பிட்டு, ‘இதில் குறைந்த வோல்ட்டே போதும்’ என்று முடிவுகட்டுவது தவறு. கிகாபைட்டின் சில உயர்ரக போர்டுகளில் மின்னழுத்தச் சீராக்கியின் கட்டுப்பாட்டுச் சில்லே தரும் ‘வி.ஆர். வி-அவுட்’ எண் வீகோரைவிட நம்பகமானது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 ரைசன்களுக்கு எச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருளில் ‘எஸ்.வி.ஐ.2 டி.எஃப்.என்.’ என்ற வரியைப் பாருங்கள்.

இவை எல்லாமே சராசரிக் கதைதான். சுமை சட்டென்று விலகும்போது மைக்ரோ விநாடிகளில் வோல்ட் எகிறி இறங்கும். சுமையில் வோல்ட் சரிவதைக் கட்டுப்படுத்தும் லோடு லைன் அமைப்பை மிகக் கடுமையாக வைத்தால் இன்னும் எகிறும். ஓரிரு நொடிக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் மென்பொருளுக்கு அது தெரியாது. ஆசிலாஸ்கோப்தான் பிடிக்கும்.

அதற்காக வி.ஐ.டி.யை அறவே ஒதுக்கிவிடவும் கூடாது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் பழுதானபோது, ப்ராசஸரே அளவுக்கு மீறிய வோல்ட்டைக் கேட்டதும் ஒரு காரணமென்று தெரியவந்தது. 2024 ஆகஸ்டில் வந்த 0x129 மைக்ரோகோடு, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்க முடியாதபடி வரம்பு வைத்தது.

மல்டிமீட்டர் இருக்கிறதே என்பீர்கள். சாக்கெட்டின் முதுகிலுள்ள மின்தேக்கியில் முனையை வைத்தால் அதே சாக்கெட் பிழைதான் வரும். கை சற்றே வழுக்கினால் ஷார்ட் சர்க்யூட்டும் ஆகும். சில போர்டுகளில் அளப்பதற்கென்றே தனிப் புள்ளிகள் உண்டு. அவை சாக்கெட்டோடு இணைந்தவையா, சிலிக்கானோடா என்று விசாரித்துவிட்டு முனையை வையுங்கள்.