முதுகுன்றத்துக் கல்வெட்டும் ஐரோப்பியக் குடியானவரும்

1453ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தது. அத்துடன் ஐரோப்பாவின் இடைக்காலம் முடிந்து நவீன காலம் பிறந்தது என்று நாம் அனைவரும் படித்திருக்கிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரு காலம் மறைந்து மற்றொன்று தோன்றுவது ஒரு கோட்டையின் வீழ்ச்சியால் மட்டும் நிகழ்வதன்று. நிலத்தோடு கட்டுண்டு கிடந்த மனிதன் அக்கட்டை அவிழ்க்க முயன்ற வரலாறே அதன் உயிர்நிலை. அத்தகைய முயற்சியொன்று நமது விருத்தாசலத்திலேயே நிகழ்ந்தது என்பதை மாணாக்கர் பலர் அறியார்.

செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த இவ்வூர்க் கோயிலில் 1429ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. விசயநகர வேந்தன் இரண்டாம் தேவராயன் ஆண்ட காலம் அது. வலங்கைத் தொண்ணூற்றெட்டுச் சாதியாரும் இடங்கைத் தொண்ணூற்றெட்டுச் சாதியாரும் கோயிலில் ஒன்றுகூடி முடிவெடுத்தனர். அரசு அதிகாரிகளும் சீவிதம் பெற்றோரும் தம்மைக் கொடுமைப்படுத்துகின்றனர். காணியாளரும் பிராமணரும் வரியைப் பறிக்கின்றனர். ஆதலின் இவர்களுக்கு நம்மவர் எவரும் புகலிடம் தரலாகாது. இந்நாட்டில் பிறந்தவர் எவரும் இவர்களுக்குக் கணக்கு எழுதலாகாது. மீறுவோர் நாட்டுத் துரோகிகளாகக் கருதப்பட்டுக் குத்தப்படுவர். அக்கல்வெட்டின் சாரம் இதுவே. அதே ஆண்டில் கொருக்கை, திருவைகாவூர் ஆகிய ஊர்களிலும் வரிச்சுமை பற்றி இவ்விரு பிரிவினரும் கூடி முடிவு செய்தமையைக் கல்வெட்டுகள் கூறுகின்றன.

கணக்கு எழுத மறுத்தல் என்னும் அந்த ஒரு தொடரைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். வாளால் வரி தண்டலாம். ஆயினும் எவன் எவ்வளவு தர வேண்டும் என்பதை ஓலைதான் சொல்லும். எழுதுகோல் நின்றால் அரசு குருடாகும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

இதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன், 1381இல், இங்கிலாந்துக் குடியானவரும் இவ்வாறே எழுந்தனர். அதன் வேர் 1348இல் அந்நாட்டை அடைந்த கொள்ளைநோயில் இருக்கிறது. ஐரோப்பிய மக்களுள் மூவரில் ஒருவரேனும் அந்நோய்க்கு இரையாயினர் என்பர். துனிசு நகரில் அதற்குத் தம் பெற்றோரைப் பறிகொடுத்த இளைஞரே பின்னாளில் 'முகத்திமா' எழுதிய இப்னு கல்தூன். உலகின் நாகரிக அமைப்பையே அந்நோய் மாற்றிவிட்டது என்பதை உணர்ந்த வரலாற்றறிஞர் அவர். ஆள் குறைந்தபோது கூலி உயர்ந்தது. கூலியை உயரவிடாமல் தடுக்க 1351இல் சட்டம் செய்தனர். பின்னர் நான்காண்டுகளுக்குள் மூன்று முறை தலைவரி விதித்தனர். வாட் டைலர் என்பவரின் தலைமையில் இலண்டனுக்குள் புகுந்தவர்கள் பண்ணையடிமை முறையை ஒழிக்கக் கேட்டனர். வழியெங்கும் அவர்கள் தேடிப்பிடித்து எரித்தவை பண்ணை நீதிமன்றங்களின் ஆவணச் சுருள்கள்! அங்கே எரித்தார்கள், இங்கே எழுத மறுத்தார்கள்.

பதினான்கு வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டு வாக்களித்தான். டைலர் கொல்லப்பட்டதும் வாக்கை மீறினான். கலகம் தோற்றது. எனினும், ஆள் பற்றாக்குறை நீடித்தமையால் நிலப்பிரபுக்கள் பணக்குத்தகைக்கு நிலத்தை விடலாயினர். பதினாறாம் நூற்றாண்டுக்குள் அங்கே பண்ணையடிமை முறை பெரும்பாலும் தேய்ந்து போயிற்று. ஐரோப்பா முழுதும் அப்படி என்று எண்ணுதல் தவறு. உருசியாவில் அது 1861 வரை நீடித்தது.

இங்கு அவ்வாறு நிகழாதது ஏன்? இரு கைகளும் சேர்ந்த ஒற்றுமை நிலைக்கவில்லை என்பதே என் கருத்து. 1707இல் சென்னையில், எந்தத் தெரு எவருக்கு என்று வலங்கையாரும் இடங்கையாரும் மோதிக்கொண்டனர். ஆங்கிலேய ஆளுநர் தாமசு பிட் நடுவராக நின்றார். அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்பது 1843இல்தான் நின்றது; கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வர 1976 ஆயிற்று.

இடைக்கால ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. பண்ணையை விட்டு ஓடிவந்தவன் ஓராண்டும் ஒரு நாளும் நகரில் பிடிபடாமல் வாழ்ந்துவிட்டால் அவன் விடுதலை பெற்றவன். நம் பீங்கான் நகரம் அத்தகைய உரிமை எதனையும் எழுதித் தரவில்லை. ஆயினும், நெல்லைக் கூலியாகப் பெற்ற பாட்டனாரின் பேரர்கள் இங்கே பொம்மைக்கு வண்ணம் தீட்டிப் பணமாகக் கூலி பெறுகின்றனர். வேலை பிடிக்காவிடில் வேறு பட்டறைக்குப் போகின்றனர். நிலத்தோடு கட்டுண்டவனுக்கு அது இயலாது.

எல்லாச் சூளைகளும் அப்படியல்ல. முன்பணம் பெற்றுச் செங்கற்சூளையில் சிக்கிய குடும்பங்கள் 1976க்குப் பின்னும் மீட்கப்பட்ட செய்திகளை நாளிதழ்களில் படித்து வருகிறோம். அங்கும் அவர்களைப் பிணித்து வைப்பது ஒரு கணக்கு நோட்டுத்தான்.