பூ விழுந்த கண்ணுக்கு அச்சில் வரும் படலம்

கவ்வாத்து வெட்டும்போது தேயிலை வாது ஒன்று விசிறிக் கண்ணில் பட்டுவிடுகிறது. அன்றைக்கு லேசான உறுத்தல்தான். லயத்துக்கு வந்து தாய்ப்பால் விட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். நாலைந்து நாளில் கண் சிவந்து, நீர் கொட்டி, வெளிச்சமே ஆகாது. வாதோடு வந்த பூஞ்சணம் அதற்குள் கருவிழியை அரிக்கத் தொடங்கியிருக்கும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். ‘கண்ணுல பூ விழுந்திருச்சு’ என்பார்கள்.

அந்தப் பூ முற்றிவிட்டால் மருந்துக்குக் கரையாது. கருவிழிப் படலத்தையே மாற்ற வேண்டும். அதற்குத் தானக் கண் வேண்டும். இதில் இலங்கைக்கு உலகளவில் நல்ல பெயர். டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம், 1964இல் ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. இன்று பல நாடுகளில் இலங்கையரின் கண்கள் பார்க்கின்றன. ஆனாலும் உலகத் தேவைக்கு அது காணாது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஹைதராபாத்தில் அச்சு இயந்திரத்தைக் கையில் எடுத்தார்கள். எல்.வி. பிரசாத் கண் நிறுவனம், அங்குள்ள ஐ.ஐ.டி., சி.சி.எம்.பி. ஆய்வு மையம் மூன்றும் சேர்ந்து அச்சிட்ட கருவிழியை முயலின் கண்ணில் பொருத்தியதாக 2022 ஓகஸ்டில் அறிவித்தன.

அச்சு என்றால் மை வேண்டுமே! தானமாக வந்த கருவிழியிலிருந்து உயிரணுக்களைக் கழுவி நீக்கினால் புரதச் சட்டகம் மிஞ்சும். அதைக் கூழாக்கி, மனிதக் கண்ணிலிருந்து எடுத்த குருத்தணுக்களைக் கலக்கிறார்கள். அதுதான் மை. இடியப்ப உரலிலிருந்து மாவு இறங்குவதுபோல, கணினி காட்டும் வளைவில் அது படலம் படலமாக இறங்குகிறது. நோயாளியின் கண்ணுக்கு ஏற்ற அகலத்தில் அச்சிடலாம்.

ஈரலையும் இதயத்தையும் அச்சிடத் திணறுகிறவர்கள் கண்ணில் முன்னேறக் காரணம் உண்டு. கருவிழி ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் கனம். இரத்தக் குழாய்களே இல்லை. கஷ்டமெல்லாம் தெளிவில்தான். நுண்ணிய இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டால்தான் ஒளி உள்ளே போகும்.

2025 ஒக்டோபரில், இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள ரம்பாம் மருத்துவமனையில், ஆய்வுகூடத்தில் வளர்த்த மனித உயிரணுக்களைக் கொண்டு அச்சிட்ட கருவிழி ஒருவரின் கண்ணில் வைக்கப்பட்டது.

ஹட்டன் பக்கம் அது வர நாளாகும். வந்தாலும் தானக் கண்ணின் அருமை குறையாது. ஒரு கருவிழியிலிருந்து மூன்றை அச்சிடலாம் என்கிறது ஹைதராபாத் குழு. கொடுக்க ஒருவர் இல்லாவிட்டால் அந்த மையே இல்லை. ஆகவே கண்தானம் பற்றி இன்றே வீட்டில் பேசிவையுங்கள்.

கண்ணில் வாது பட்டால் தாய்ப்பாலும் வேண்டாம், பச்சிலைச் சாறும் வேண்டாம். அன்றைக்கே டிக்கோயா ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியாவுக்கோ போய்விடுங்கள்.