பணியிடப் பாதுகாப்பில் நேர் வலுவூட்டல்

பணியிடப் பாதுகாப்பில் நேர் வலுவூட்டல் என்பது, தொழிலாளர் பாதுகாப்பான முறையில் பணிபுரியும்போது அதனை உடனுக்குடன் பாராட்டியோ பரிசளித்தோ, அச்செயல் மீண்டும் நிகழச் செய்யும் முறை ஆகும். சுரங்கங்கள், வேதியியல் ஆலைகள், கட்டுமானப் பணிகள் போன்றவற்றில் இது பயன்படுத்தப்படுகிறது.

== கோட்பாடு ==

இம்முறை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் (1904–1990) நடத்தைக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. ஒரு செயலைத் தொடர்ந்து விரும்பத்தக்க விளைவு கிடைப்பின் அச்செயல் வலுப்பெறும். இது நேர் வலுவூட்டல். விரும்பத்தகாத ஒன்று நீங்குவதால் செயல் வலுப்பெறின் அது எதிர் வலுவூட்டல் எனப்படும். காதடைப்பான் அணிந்தவுடன் இரைச்சல் குறைவது இதற்கு எடுத்துக்காட்டு. எதிர் வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றல்ல. தண்டனை செயலைக் குறைக்கும், வலுவூட்டாது.

பாதுகாப்பு விதிகள் மீறப்படுவதற்கான காரணத்தையும் இக்கோட்பாடு விளக்குகிறது. கோடை வெயிலில் தலைக்கவசமும் கையுறையும் அணிபவருக்கு வியர்வையும் தாமதமும் உடனே கிடைக்கின்றன. அணியாதவருக்கோ வேலை விரைவில் முடிகிறது. விபத்து அரிதாகவே நேர்கிறது. எனவே பாதுகாப்பற்ற செயலே நாள்தோறும் வலுவூட்டப்படுகிறது. பாராட்டும் பரிசும் இந்நிலையை ஈடுசெய்யும் முயற்சிகள் ஆகும்.

== ஆய்வுகள் ==

1978 இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க ரொட்டித் தொழிற்சாலை ஒன்றின் இரு பிரிவுகளில் பாதுகாப்பான செயல்களின் விழுக்காடு வரைபடமாகச் சுவரில் ஒட்டப்பட்டது. மேற்பார்வையாளர்களும் அச்செயல்களைப் பாராட்டினர். ஒரு பிரிவில் 70 விழுக்காடாக இருந்தது 96 ஆகவும், மற்றதில் 78 ஆக இருந்தது 99 ஆகவும் உயர்ந்தன. இவ்வேற்பாடு நிறுத்தப்பட்டதும் இரண்டும் ஏறத்தாழப் பழைய நிலைக்கே திரும்பின.

1987 இல் வெளியான மற்றோர் ஆய்வு, அமெரிக்காவின் இரு திறந்தவெளிச் சுரங்கங்களைப் பற்றியது. விபத்தின்றிப் பணியாற்றியோருக்கும், ஏற்கத்தக்க பாதுகாப்பு யோசனை கூறியோருக்கும் பொருள்களாக மாற்றத்தக்க வில்லைகள் வழங்கப்பட்டன. விபத்தை மறைத்தோர் வில்லைகளை இழந்தனர். காயங்கள் பெருமளவு குறைந்தன; அப்பயன் பல ஆண்டுகள் நீடித்தது.

== கடலூர் மாவட்டச் சூழல் ==

கடலூர் மாவட்டத்தில் இம்முறை பொருந்தும் இடங்களையும் பொருந்தா இடங்களையும் ஒருங்கே காணலாம். 1956 இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிறுவனத்தின் திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் சக்கர அகழ்பொறிகளும் நீண்ட கன்வேயர் பட்டைகளும் இயங்குகின்றன. கடலூர்–சிதம்பரம் சாலையில் உள்ள சிப்காட் வளாகத்தில் வேதியியல் ஆலைகள் பல உள்ளன. ஓடும் பட்டையைத் தாண்டாது சுற்றிச் செல்லுதல், பழுது பார்க்கும் முன் மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்டுதல், கசிவை உடனே தெரிவித்தல் ஆகியவை கண்ணால் காணத்தக்க, எண்ணத்தக்க செயல்கள். இத்தகையவற்றுக்கே நேர் வலுவூட்டல் ஏற்றது.

ஆனால் 2020 மே 7 அன்றும் சூலை 1 அன்றும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன் பகுதியில் விபத்துகள் நேர்ந்தன. சூலை 1 விபத்தில் 6 பேர் அன்றே உயிரிழந்தனர். காயமடைந்த மேலும் சிலர் பின்னர் இறந்தனர். 2021 மே 13 அன்று சிப்காட் வளாகப் பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் 4 பேர் உயிரிழந்தனர். கொதிகலன், அழுத்தக்கலன் போன்றவற்றின் பாதுகாப்பு, அருகில் நிற்கும் தொழிலாளியின் தலைக்கவசத்தைச் சார்ந்ததன்று. அது வடிவமைப்பு, பராமரிப்பு, நிறுத்தி இயக்கும் முறை ஆகியவற்றைச் சார்ந்தது.

== நடைமுறைப்படுத்தல் ==

* பரிசு, செயலுக்கு உரியதாக இருத்தல் வேண்டும். விபத்தில்லா நாள்களின் எண்ணிக்கைக்கு அன்று.
* பாராட்டு உடனே அமைதல் வேண்டும். இந்தியாவில் 1972 முதல் மார்ச் 4 இல் கொண்டாடப்படும் தேசியப் பாதுகாப்பு நாளன்று வழங்கும் ஆண்டுப் பரிசு மட்டும் போதாது.
* நூலிழையில் தப்பிய நிகழ்வைத் தெரிவிப்பவரும் பாராட்டப்படுதல் வேண்டும்.
* ஒப்பந்தத் தொழிலாளரும் நிரந்தரத் தொழிலாளருக்கு இணையாகச் சேர்க்கப்படுதல் வேண்டும்.
* கவனிக்க வேண்டிய செயல்களின் பட்டியலைத் தொழிலாளருடன் சேர்ந்தே உருவாக்குதல் நன்று.

== வரம்புகள் ==

விபத்தின்மைக்குப் பரிசளிக்கும் திட்டங்கள் காயங்களை மறைக்கத் தூண்டக்கூடும். குழு முழுவதற்கும் பரிசு எனில், விரலை நசுக்கிக்கொண்டவர் சக தொழிலாளரின் பரிசு பறிபோகும் என அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாதிருக்கலாம். அந்நிலையில் குறைவது பதிவேட்டிலுள்ள எண் மட்டுமே.

பாதுகாப்புப் பொறியியலில் இடரை அறவே நீக்குதல், இடர் குறைந்த பொருளைப் பயன்படுத்துதல், தடுப்புகள் அமைத்தல், பணிமுறைகளை ஒழுங்குபடுத்துதல், தற்காப்புக் கருவிகள் அணிதல் என்ற வரிசை பின்பற்றப்படுகிறது. நேர் வலுவூட்டல் பெரும்பாலும் இவற்றுள் கடைசி இரண்டிற்கே உதவும். பழுதான கருவியைச் சீர்செய்யாமல் தொழிலாளரின் கவனத்திற்குப் பரிசளிப்பது, நிர்வாகத்தின் பொறுப்பைத் தொழிலாளர் மீது ஏற்றுவதாகும். மாறாக, பழுதைச் சுட்டிக்காட்டியவரைப் பாராட்டி அப்பழுதையும் நீக்கினால், முதல் மூன்று படிகளுக்கும் இம்முறை துணைபுரியும்.