கோடை லீகிலிருந்து மேஜர் லீகுக்கு... ஒரு பேஸ்பால் பிட்சர் எப்படி உருவாகிறார்?

2010 ஜூன் தொடக்கத்தில் கிறிஸ் சேல் ஒரு காலேஜ் பையன். அதே வருஷம் ஆகஸ்ட் 6-ம் தேதி சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஜெர்ஸியோடு மேஜர் லீகில் பந்து வீசிக்கொண்டிருந்தார். இரண்டே மாசம்! அமெரிக்க பேஸ்பாலில் இது ரொம்பவே அபூர்வம். எப்படி நடந்ததுன்னு புரியணும்னா, அதற்கு முந்தைய கோடையில் ஒரு கடற்கரைக்குப் போகணும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கையை மடக்கி கடலுக்குள் நீட்டிய மாதிரி இருக்கும் நிலப்பகுதி கேப் காட். கோடை விடுமுறையில் அங்கே 10 அணிகள் மோதும் ஒரு லீக் நடக்கும். ஆடுவது காலேஜ் மாணவர்கள். சம்பளம் கிடையாது. உள்ளூர்க் குடும்பங்களே தங்கள் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போடுவாங்க. பார்ப்பதற்கு டிக்கெட்டும் இல்லை, மடக்கு நாற்காலியைத் தூக்கிட்டுப் போய் உட்காரலாம். ஆனா, பேட்டருக்குப் பின்னால் ஸ்பீடு கன்னோடு உட்கார்ந்திருப்பவர்களைக் கவனிங்க. அவர்கள் மேஜர் லீக் அணிகளின் ஸ்கவுட்டுகள்.

அவர்களுக்கு அங்கே என்ன வேலை? விஷயம் மட்டையில் இருக்கு. காலேஜ் பேஸ்பாலில் உலோக மட்டை. மேஜர் லீகில் மரம் மட்டும்தான். உலோக மட்டையில் கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டாலும் பந்து பறந்து ஆள் இல்லாத இடத்தில் விழுந்துடும். அதனாலேயே பேட்டரின் உடம்பை ஒட்டி வீச காலேஜ் பிட்சர்கள் பலர் தயங்குவாங்க. மர மட்டையில் அதே பந்து பட்டா, பல நேரம் மட்டைதான் உடையும். கேப் காட்டில் 1985-லிருந்து மர மட்டைதான். அங்கே ஒருத்தர் துணிஞ்சு உள்ளே வீசுறாரா என்பது ஒரே கோடையில் தெரிஞ்சிடும்.

பள்ளி முடிக்கும்போது, 2007-ல் சேலை கொலராடோ அணி எடுத்தது 21-வது சுற்றில்தான். அவர் கையெழுத்துப் போடவில்லை. பேஸ்பாலில் பெரிய பெயரில்லாத ஃபுளோரிடா கல்ஃப் கோஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆறரை அடி உயரம், ஒல்லி உடம்பு, இடது கை. காலேஜில்தான் கையைத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து வீசும் பாணிக்கு மாறினார். 2009 கோடையில் கேப் காட்டின் யார்மவுத்-டென்னிஸ் அணிக்கு ஆடினார். அடுத்த வருஷ டிராஃப்ட்டில் 13-வது ஆளாக அவரை எடுத்தது ஒயிட் சாக்ஸ். டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லை; அணிகள் வரிசைப்படி ஆளைத் தேர்ந்தெடுக்கும், அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு இவ்வளவு சுலபமில்லை. சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று மைனர் லீக் படிகளில் வருஷக்கணக்கில் ஏறணும். கடைசிப் படியான டிரிபிள்-ஏ-வில் குறைந்தபட்ச சம்பளமே வருஷத்துக்கு 17,500 டாலராகத்தான் இருந்தது. 2023-ல் யூனியன் ஒப்பந்தம் வந்து 35,800 ஆனது. அதே வருஷம் மேஜர் லீகில் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். ஒரே ஒரு படி, 20 மடங்கு! அந்தப் படியைத் தாண்டாமலே வீடு திரும்புபவர்கள்தான் அதிகம். ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ பார்த்திருப்பீங்க. அந்த நிஜக் கதையின் நாயகர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவருமே மேஜர் லீகைத் தொடவில்லை.

சரி, போய்ச் சேர்ந்தா நிம்மதியா? 2018 வேர்ல்டு சீரிஸின் கடைசி விக்கெட்டை (நம்ம பாஷையில் சொன்னா) பாஸ்டனுக்காக எடுத்தவர் சேல்தான். 2020-ல் முழங்கையில் ‘டாமி ஜான்’ ஆபரேஷன். கிழிந்த தசைநாருக்குப் பதிலாக உடம்பின் வேறு இடத்திலிருந்து எடுத்துப் பொருத்துவாங்க. திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். 2022-ல் முதலில் விலா எலும்பு, பிறகு பந்து பட்டு விரல், கடைசியில் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு! பாஸ்டன் அவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டது.

2024-ல் அதே அட்லாண்டாவுக்காக 18 வெற்றி, 225 ஸ்டிரைக்அவுட். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது முதல்முறையாக அவர் கைக்கு வந்தது. அப்போது வயசு 35. கேப் காட் கோடை முடிந்து 15 வருஷம் ஆகியிருந்தது.