வேருக்கு ஒரு துணை

சித்தூர் மாவட்டத்துப் பலமனேர்ப் பகுதியில் செம்மண் நிலங்கள் மிகுதி. அண்டையிலுள்ள திருப்பதியில் எலுமிச்சை இன ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. இராயலசீமை மக்கள் சீனி என அழைக்கும் சாத்துக்குடியும் எலுமிச்சை இனத்தைச் சேர்ந்ததே. எலுமிச்சைக் கன்று நட்டபின் காய்ப்பதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். நலிந்த நாற்றை நட்ட உழவர் அத்தனை ஆண்டு உழைப்பையும் இழக்க நேரிடும். எனவே, நாற்று வளரும் மண்கலவையைத் தேர்ந்தெடுப்பதில் கருத்தூன்ற வேண்டும்.

நாற்றுக்கு நோயற்ற மண் தேவை. ஆயினும், அமெரிக்க நாற்றங்கால்களில் நச்சுப்புகையால் தூய்மை செய்த மண்ணிலேயே எலுமிச்சை இன நாற்றுகள் வளர்ச்சி குன்றின. நோய்க் கிருமிகளுடன் வேருக்கு உதவும் பூசணமும் அழிந்ததே அதற்குக் காரணம் என்று கிளைன்ஷ்மிட், கெர்டமன் என்னும் ஆய்வாளர்கள் 1972ஆம் ஆண்டில் விளக்கினர்.

அப்பூசணத்தை வேர் உட்பூசணம் என்பர். எலுமிச்சை இன வேர்களில் வேர்த்தூவிகள் குறைவு. வேர் எட்டாத இடத்திலுள்ள மணிச்சத்தைப் பூசணத்தின் நுண்ணிழைகள் கொண்டுவந்து கொடுக்கின்றன. கைம்மாறாக வேரிடமிருந்து சர்க்கரையைப் பெறுகின்றன.

ஆகவே, மண்கலவை மூன்று பண்புகளைப் பெற்றிருத்தல் வேண்டும். முதலாவது, நீர் வடிதல். நீர் தேங்கினால் வேரழுகல் நோய் பரவும். செம்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு எனக் கலப்பது நன்று. இரண்டாவது, தூய்மை. ஈரமாக்கிய கலவையை நிறமற்ற நெகிழித்தாளால் காற்றுப் புகாமல் மூடி, கோடை வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்தால் நோய்க் கிருமிகள் பெரிதும் குறையும். மூன்றாவது, துணைப்பூசணம். இது உயிருள்ள வேரில் மட்டுமே பெருகும். எனவே, மக்காச்சோளம் போன்ற பயிர்களின் வேரில் வளர்த்து விற்கப்படும் பூசண உரத்தை, வெயிலில் தூய்மை செய்தபின், வேர் தொடும் ஆழத்தில் இடவேண்டும். மணிச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் செடி பூசணத்தின் துணையை நாடாது.

தீயதை நீக்குவது பாதிப் பணியே. நல்லதை மீண்டும் சேர்த்தால்தான் மண் முழுமை பெறும்.

சொற்பொருள்: மணிச்சத்து – பாஸ்பரஸ், கைம்மாறு – பதிலுதவி, குன்றுதல் – குறைதல்.

விடையளிக்க:
1. தூய்மை செய்த மண்ணில் நாற்றுகள் வளர்ச்சி குன்றியது ஏன்?
2. பூசண உரத்தை வெயிலில் தூய்மை செய்வதற்கு முன்பே இட்டால் என்ன நேரும்?