மான்யம் யார் பைக்குச் செல்கிறது?

ஒரு பொருளை வாங்குவோருக்கு மான்யம் அளிக்கப்படும் என்று சர்க்கார் அறிவித்தவுடன், அத்தொகை முழுவதும் வாங்குவோருக்கே கிடைத்துவிடும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். கைத்தறித் துணிக்கு ரிபேட் வழங்கும் பருவத்திலும், பம்பு செட்டுக்கும் உழவு யந்திரத்துக்கும் மான்யம் வழங்கும்போதும் இவ்வெண்ணமே நம்மிடம் மேலோங்கி நிற்கிறது. ஆனால் மான்யம் வாய்க்காலில் விட்ட தண்ணீரைப் போன்றது. மடையில் திறந்துவிட்ட அளவு முழுவதும் கடைசி வயலை எட்டுமா என்பது, இடையேயுள்ள கரைகளின் உறுதியைப் பொறுத்ததாகும்.

இவ்வுண்மையை விளக்க, 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பழைய மோட்டார் கார்களுக்குச் சர்க்கார் பணம் கொடுத்த வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். கார் வாங்கும் எண்ணம் நமது அங்கத்தினரில் பலருக்கு இல்லாதிருக்கலாம். ஆயினும் இதில் அடங்கியுள்ள கணக்கு நம் அனைவருக்கும் உரியதே.

அமெரிக்காவில் நடந்தது

2008இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியால் அமெரிக்காவில் கார் விற்பனை பெரிதும் வீழ்ந்தது. 2007இல் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் வண்டிகள் விற்ற அந்நாட்டில், 2009இல் விற்றவை சுமார் 1 கோடியே 4 லட்சமே. ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய இரு பெருங் கம்பெனிகளும் அவ்வாண்டில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடின.

அந்நிலையில், 2009 ஜூன் 24ஆம் தேதி ஒரு சட்டம் நிறைவேறியது. பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் பழைய வண்டியை ஒப்படைத்து, சிக்கனமான புதிய வண்டியை வாங்குவோருக்கு 3,500 டாலர் அல்லது 4,500 டாலர் மான்யம் என்று அச்சட்டம் கூறிற்று. பழைய வண்டி காலன் ஒன்றுக்குப் பொதுவாக 18 மைல் அல்லது அதற்குக் குறைவாக ஓடுவதாயும், 25 ஆண்டுக்கு உட்பட்டதாயும், ஓராண்டேனும் அவர் பெயரிலேயே பதிவாகியதாயும் இருத்தல் வேண்டும். புதிய வண்டியின் விலை 45,000 டாலருக்கு மேற்படலாகாது.

முதலில் ஒதுக்கிய 100 கோடி டாலர் சில தினங்களிலேயே தீர்ந்துபோயிற்று. மேலும் 200 கோடி ஒதுக்கப்பட்டது. ஆகஸ்ட் 24ஆம் தேதி திட்டம் முடிவுற்றபோது, ஏறத்தாழ 6 லட்சத்து 77 ஆயிரம் வண்டிகளுக்குச் சுமார் 285 கோடி டாலர் செலவாகியிருந்தது.

ஒப்படைத்த வண்டிகளை மீண்டும் ஓட்ட இயலாதபடி அழித்துவிட வேண்டுமென்பது விதி. எஞ்சினிலுள்ள எண்ணெயை வடித்துவிட்டு, சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, எஞ்சின் இறுகி நின்றுபோகும் வரை ஓடவிட்டனர். புது வண்டி வாங்க வகையற்று, பழைய வண்டியையே நம்பி வாழும் ஏழைகளுக்கு இது இழப்பல்லவா என்று பலர் அன்றே கேட்டனர். கேள்வி நியாயமானதே.

விற்பனையாளர் விலை கூறும் முறை

இனி, அந்நாட்டில் காரின் விலை எவ்வாறு அமைகிறது என்பதைக் காண்போம். 1958இல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, தயாரிப்பாளர் கூறும் சில்லறை விலையை ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் ஒட்டியிருக்க வேண்டும். அச்சட்டத்தைக் கொணர்ந்தவர் செனட்டர் மன்ரோனி. அவர் பெயராலேயே அச்சீட்டு இன்றும் வழங்குகிறது. ஆயினும் அந்த விலை பேரத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. விற்பனையாளர் கம்பெனிக்குச் செலுத்தும் பட்டியல் விலை ஒன்று உண்டு. அதற்குப் பின்னும், விற்ற வண்டிகளுக்குக் கம்பெனி திருப்பித் தரும் தொகையும், விற்பனை இலக்கை எட்டினால் தரும் ஊக்கத் தொகையும் உண்டு. இவை வாங்குவோர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

பழைய வண்டியைக் கொடுத்துப் புதியதை வாங்கும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். சீட்டு விலை 20,000 டாலர். விற்பனையாளர் 19,000க்குக் கொடுக்கச் சம்மதிப்பார். பழைய வண்டியின் சந்தை விலை 3,000. ஆகவே வாங்குவோர் கொடுக்க வேண்டியது 16,000. விற்பனையாளரோ, “உங்கள் பழைய வண்டிக்கு 4,000 தருகிறேன்” என்று முகமலர்ச்சியுடன் கூறி, புதிய வண்டிக்கு 20,000 என்று எழுதுவார். கொடுப்பது அதே 16,000தான். ஆனால் வாங்கியவர் 1,000 டாலர் லாபமடைந்ததாக எண்ணி மகிழ்வார். இதனுடன் மாதத் தவணையையும் சேர்த்துப் பேசிவிட்டால், ஒரு பக்கம் குறைத்ததை மறுபக்கம் கூட்டிக்கொள்வது மிகவும் எளிது.

சர்க்கார் மான்யத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. 4,500 டாலர் மான்யம் பெறும் பழைய வண்டி சந்தையில் 1,000 பெறுமானால், உண்மை லாபம் 3,500. சந்தையில் 4,000 பெறுமானால், லாபம் 500 மட்டுமே, வண்டிதான் அழிந்துவிடுகிறதே!

பணம் எங்கே தங்கியது?

அமெரிக்கத் திட்டத்தில் மான்யப் பணம் விற்பனையாளரிடமே செலுத்தப்பட்டது. ஆகவே அவர்கள் விலையை உயர்த்தி அதை விழுங்கியிருப்பர் என்று தோன்றலாம். ஆனால் விலைக் கணக்குகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், அனேகமாக மான்யம் முழுவதும் வாங்கியோருக்கே சேர்ந்தது என்று கண்டனர். ஏனைய தள்ளுபடிகளைக் குறைத்து அதற்குப் பதிலாக மான்யத்தைக் காட்டலாகாது என்று சட்டம் தடுத்திருந்தது. மான்யத் தொகை இன்னதென்று நாடெங்கும் யாவரும் அறிந்திருந்தனர்.

ஜெர்மனியில் நடந்தது வேறு. 9 ஆண்டோ அதற்கு மேலோ ஆன காரை அழிக்கக் கொடுத்துப் புதியது வாங்கியோருக்கு 2,500 யூரோ வழங்கப்பட்டது. 500 கோடி யூரோ செலவில் ஏறத்தாழ 20 லட்சம் வண்டிகள் இத்திட்டத்தில் அடங்கின. மான்யத்துக்கு உரியவர் வாங்குபவரே. ஆயினும் மலிவான சிறு வண்டிகளை வாங்கியோர், மான்யம் பெறாமல் அதே வகை வண்டியை வாங்கியோரைவிடச் சற்று அதிக விலை கொடுத்திருந்தனர். விலை உயர்ந்த வண்டிகளை வாங்கியோருக்கோ மான்யத்துக்கு மேலும் தள்ளுபடி கிடைத்தது. இதன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. சிறு வண்டி வாங்குவோருக்கு 2,500 யூரோ பெருந்தொகை. அவர் எப்படியும் வாங்கிவிடுவார் என்பதை விற்பனையாளர் அறிவார். செல்வருக்கு அது சிறு தொகை. அவரை இழுக்க மேலும் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே பணத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பது பெரிதன்று. பேரத்தில் வலிமை யாரிடம் இருக்கிறது என்பதே பெரிது.

அறிவும் ஒரு வலிமையே என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. கம்பெனிகள் அளிக்கும் தள்ளுபடிகளைப் பற்றி அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வாங்குவோருக்கென வெளிப்படையாக அறிவித்த தள்ளுபடியில் 100க்கு 70 முதல் 90 வரை அவர்களையே அடைந்தது. விற்பனையாளரிடம் ஓசையின்றிக் கொடுத்த தள்ளுபடியில் 100க்கு 30 முதல் 40 வரையே வாங்குவோரை அடைந்தது. தள்ளுபடி உண்டு என்பதை அறியாதவர் அதைக் கேட்பது எவ்வாறு?

விற்பனை வளர்ந்ததா?

அமெரிக்காவில் அவ்விரு மாதங்களில் விற்பனை பெருகியது உண்மையே. ஆனால் அது அடுத்த மாதங்களில் வாங்கவிருந்தவர்கள் முன்கூட்டியே வாங்கியதன் விளைவு என்பது பின்னர் தெளிவாயிற்று. கூடுதலாக விற்ற வண்டிகள் ஏறத்தாழ 3,70,000 என்றும், அவ்வளவும் 2010 மார்ச்சுக்குள் அனேகமாக ஈடாகிவிட்டது என்றும் ஓர் ஆய்வு கூறுகிறது. ரிபேட் பருவத்தில் கடையில் கூட்டம் நெருங்குவதும், பருவம் முடிந்தபின் மூட்டைகள் தேங்கி நிற்பதும் நாம் கண்டறிந்தவையே. மான்யம் விற்பனையின் காலத்தை மாற்றலாம். தேவையை நிலையாக வளர்க்க அது ஒன்றே போதாது.

நாம் கொள்ள வேண்டியது

நமது நாட்டிலும் 2021இல் பழைய வாகனங்களை அழிக்கும் கொள்கை வெளியாயிற்று. பழைய வண்டியை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெறுவோருக்கு, புது வண்டியின் பதிவுக் கட்டணத்திலும் மோட்டார் வரியிலும் சலுகை அளிக்க அது இடம் தருகிறது. வரிச் சலுகையை ரசீதில் காணலாம். விற்பனையாளர் தருவதாகக் கூறும் தள்ளுபடியை அவ்வாறு எளிதில் காண முடியாது.

ஆதலின் வண்டியாயினும் உழவு யந்திரமாயினும், வாங்கப் புகும் அங்கத்தினர்கள் சிலவற்றை மறவாதிருத்தல் நலம். பழைய பொருளையும் மான்யத்தையும் பற்றிப் பேசுமுன், ரொக்க விலை என்ன என்று எழுத்து மூலம் கேட்டுப் பெறுக. பழைய பொருளின் மதிப்பை வேறிடத்தில் விசாரித்து அறிக. மான்யத் தொகை பில்லில் தனி வரியாகக் காணப்படுகிறதா என்று நோக்குக. மாதத் தவணையை மட்டும் கேட்டு மயங்காது, முதலும் வட்டியும் சேர்ந்த மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க.

இவை யாவற்றிலும் சிறந்தது, தனியே செல்லாதிருப்பதே. ஜெர்மனியில் அதிக விலை கொடுத்தவர் சிறு வண்டிக்குப் பேசிய எளியவரே. பத்துப் பேருக்குத் தேவையான யந்திரத்துக்குச் சங்கம் ஒன்றாக நின்று, மூன்று நான்கு விற்பனையாளரிடம் விலைப்புள்ளி கேட்டால், எளியவரின் தேவை பலவீனமாகாமல் பலமாகிவிடும். மான்யம் அளிப்பது சர்க்காரின் செயல். அது வழியில் கசியாமல் கடைசி வயல் வரை வந்து சேரக் கரை கட்டுவது நம்முடைய செயலாகும்.